தோற்ற கருத்தும் ஏட்டில் நிற்க வேண்டும்

சென்ற கல்வியாண்டில் நம் தமிழ்த்துறை மாணவர் மன்றத்தின் சார்பில் மாதிரி நாடாளுமன்றம் ஒன்று நடைபெற்றது. ஆளுங்கட்சி வரிசையில் 28 மாணவர். எதிர்க்கட்சி வரிசையில் 15 பேர். இரண்டிலும் சேராமல் பின்வரிசை மூலையில் தனி உறுப்பினராக ஒரே ஒரு மாணவர். விடுதி உணவுக் கட்டணம் பற்றிய மசோதா விவாதத்திற்கு வந்தது. தனி உறுப்பினர் எழுந்தார். இரண்டாம் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் மணி ஒலித்தது. "நீங்கள் ஒருவர்தானே? உங்கள் வாக்கு எதையும் மாற்றப்போவதில்லை, அமருங்கள்" என்றார், அவைத்தலைவராக வீற்றிருந்த மாணவர். அரங்கில் சிரிப்பலை எழுந்தது. நடுவராக அமர்ந்திருந்த நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் அம்மாணவர் என் அறைக்கு வந்தார். "ஐயா, தோற்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல வந்ததை யாராவது எழுதியாவது வைத்திருக்கலாம் அல்லவா?" என்றார். எழுத்தராகப் பணியாற்றிய மாணவியின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். 'மசோதா நிறைவேறியது' என்ற ஒரே வரிதான் இருந்தது.

அவ்வினா என்னைப் பல நாள் விடவில்லை. இலக்கணம் நடத்தும் ஆசிரியனுக்கு நாடாளுமன்ற நெறிமுறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தொல்காப்பியம் பயிற்றுவிப்பவனுக்கு விதியும் புறனடையும் அந்நியமானவை அல்ல என்பதே என் விடை. கோடை விடுமுறையில் மக்களவையின் நடைமுறை விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அப்படிப்பில் எனக்குப் பட்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். 'சிறுபான்மைக் கட்சி' என்று நான் குறிப்பது எண்ணிக்கையால் சிறிய கட்சியையே அன்றிச் சமயத்தால் சிறுபான்மையினரை அன்று. எண்ணிக்கையோ நிலையற்றது. 1984-ஆம் ஆண்டுத் தேர்தலில் 2 இடங்களோடு நின்ற பாரதிய ஜனதா கட்சி 2014-இல் 282 இடங்களைப் பெற்றது. 1984-இல் 400-க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்ற காங்கிரசு 2014-இல் 44 இடங்களோடு நின்றது. ஆகவே சிறிய கட்சியின் உரிமை என்பது யாரோ சிலருடைய உரிமை அன்று. எந்தக் கட்சிக்கும் ஒருநாள் தேவைப்படும் உரிமை அது.

பெரும்பான்மை முடிவு செய்யும். அதில் எனக்கு மறுப்பில்லை. அரசியலமைப்பின் 100-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆயின் சிறிய கட்சி அவையில் எதற்காக அமர்ந்திருக்கிறது? வெல்வதற்காக அன்று, வெல்ல முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். தன் மறுப்பைச் சொல்வதற்கும், அது கேட்கப்படுவதற்கும், கேட்கப்பட்டது எழுதப்படுவதற்குமே அமர்ந்திருக்கிறது. இம்மூன்றில் கடைசியானதே உயிர்நாடி என்பது என் எண்ணம். சொன்னது காற்றோடு போகலாம், கேட்டவர் மறக்கலாம், எழுதப்பட்டது நிற்கும்.

நம் சமுதாயம் நன்கறிந்த ஒரு சான்றைத் தருகின்றேன். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக விளங்கியவர் கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் இம்மண்ணின் மொழிகளுள் மூத்தவையான திராவிட மொழிகளுக்கு, குறிப்பாகத் தமிழுக்கு, அந்தத் தகுதி உண்டு என்று அவர் வாதிட்டார். அவ்வாதம் அவையின் முடிவை மாற்றவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் தனித்தொகுதி முறை குறித்து அவர் கொணர்ந்த திருத்தமும் தோற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜனவரியில், காஜி சையத் கரீமுத்தீன் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார், அண்ணல் அம்பேத்கர் அதற்கு விரிவாக மறுமொழி கூறினார், அதுவும் தோற்றது.

தனித்தொகுதி பற்றிய கருத்து சரியா, தவறா என்பதில் நம்மிடையே இருவேறு எண்ணம் இருக்கலாம். எனக்கே முழு உடன்பாடு இல்லை. அந்த அவையிலேயே முஸ்லிம் உறுப்பினர் சிலர் அதை எதிர்த்தனர். என் வியப்பு வேறு. தோற்றுப்போன அந்தத் திருத்தங்களையும் உரைகளையும் இன்று நம் மாணவர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறதே, எப்படி? அந்த அவையின் விவாதங்கள் 12 தொகுதிகளாக அச்சாகியுள்ளன. வென்ற திருத்தத்திற்கு ஒரு மையும் தோற்ற திருத்தத்திற்கு வேறொரு மையும் அவற்றில் இல்லை. நாட்டுப் பிரிவினையின் புண் ஆறாத காலம் அது. முஸ்லிம் லீக் என்ற பெயரைச் சொல்வதே கடினமாயிருந்த காலம். அக்காலத்திலும் அவர் எழுந்தார், பேசினார், பதிவானார்.

பின்னாளில் பேரறிஞர் அண்ணாவுக்கும் இது வாய்த்தது. 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்ற அவர், தம் முதல் உரையிலேயே திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்துவைத்தார். மக்களவையில் அப்போது தி.மு.கழகத்திற்கு 7 உறுப்பினரே. அவையில் இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அது கசந்திருக்கும். குறுக்கீடுகள் இருந்தன, ஆனால் உரை முற்றுப்பெற்றது, குறிப்பேட்டிலும் இடம்பெற்றது.

இனி விதிகளுக்கு வருவோம். ஒரு தீர்மானம் வாக்கிற்கு விடப்படும்போது அவைத்தலைவர் முதலில் குரல் வாக்கைக் கேட்கிறார். 'ஆம்' என்போர் குரலையும் 'இல்லை' என்போர் குரலையும் செவியால் எடைபோட்டு, எது மிகுதி என்று தம் கருத்தைச் சொல்கிறார். யாரேனும் மறுத்தால் மண்டபத்தின் பக்கக்கூடங்களைக் காலிசெய்யச் சொல்லி, மூன்றரை நிமிடம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். மீண்டும் மறுப்பு எழுந்தால் வாக்குகளைப் பிரித்து எண்ண வேண்டும். இதைத்தான் 'டிவிஷன்' என்கின்றனர். பெயர் பெயராகப் பதிவாகும் முறை இது. தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று அவைத்தலைவர் கருதினால், உறுப்பினரை எழுந்து நிற்கச் செய்து தலைகளை எண்ணலாம். அப்போது பெயர்கள் பதிவாகா. ஆனால் எண்ணாமலே விட்டுவிடலாம் என்று விதி சொல்லவில்லை.

டிவிஷன் கேட்பவர் பெரும்பாலும் தோற்கப்போகிறவரே. பின் ஏன் கேட்கிறார்? யார் யார் எப்பக்கம் நின்றனர் என்பது தொகுதி மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. குரல் வாக்கில் முகமில்லை, கூச்சல்தான் உண்டு. கூச்சலில் 300 பேரும் 30 பேரும் வேறுபடலாம். ஆனால் எந்த 30 பேர் என்பது யாருக்குத் தெரியும்?

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. திருச்சி சிவா உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் சிலர் டிவிஷன் கேட்டனர். அவை கொந்தளித்தது. துணைத்தலைவர் குரல் வாக்காலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்தார். உறுப்பினர் தத்தம் இருக்கையிலிருந்து கேட்கவில்லை என்றது ஒரு தரப்பு. இருக்கையில் இருந்தே கேட்டோம் என்றது மறுதரப்பு. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் உழவர்கள் தில்லி எல்லைகளில் அமர்ந்திருந்தபின், 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதுவும் எப்படி? விவாதமின்றி, குரல் வாக்கால், ஒரே நாளில் ஈரவைகளிலும்! வந்த வழியே போன சட்டங்கள். அவற்றை யார் விரும்பினர், யார் வெறுத்தனர் என்பதற்கு வாக்குப் பட்டியல் எதுவும் மேலவையில் எஞ்சவில்லை.

பழியனைத்தையும் ஆளுங்கட்சியின் மீதே சுமத்திவிட்டு நகர்வது எளிது. நேர்மை அதற்கு இடந்தரவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர அவையில் 50 உறுப்பினர் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும் என்பது விதி. 2018 மார்ச்சில் ஆந்திரக் கட்சிகள் இரண்டு நாள்தோறும் அறிவிப்புக் கொடுத்தன. அவை ஒழுங்கில் இல்லை, ஆகவே எழுந்து நிற்போரை எண்ண இயலவில்லை என்று கூறி மக்களவைத் தலைவர் ஒவ்வொரு நாளும் ஒத்திவைத்தார். ஒழுங்கைக் குலைத்தவர் யார்? காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் நடுப்பகுதியில் நின்று முழங்கியவர்களுள் நம் தமிழ்நாட்டு உறுப்பினரும் உண்டு. காவிரி நமக்கு உயிர், அதில் ஐயமில்லை. ஆனால் அம்முழக்கம் வேறொரு சிறிய கட்சியின் வாயை அடைக்கும் துணியாகப் பயன்பட்டது. அக்கூச்சலுக்கிடையே அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டமும் விவாதமின்றி நிறைவேறியது. எஞ்சிய மானியக் கோரிக்கைகளை ஒரே வெட்டில் முடிக்கும் அம்முறைக்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டுத் தலைவெட்டும் கருவியின் பெயரை யார் பொருத்தி வைத்தாரோ, பொருத்தமாகவே வைத்தார். அந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் கடைசியில் ஜூலை 20 அன்று எடுத்துக்கொள்ளப்பட்டு, 126-க்கு 325 என்று தோற்றது. தோற்கும் என்பதை அறியாதார் எவருமில்லை. இதற்கா நான்கு மாதம்?

சிறிய கட்சிக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கட்சியின் பலத்திற்கேற்ப நேரம் பங்கிடப்படுவது வழக்கம். 543 பேர் அவையில் 3 பேர் கொண்ட கட்சிக்கு, எட்டு மணி நேர விவாதத்தில் மூன்று நிமிடம்கூடத் தேறாது. ஒருவர் கூச்சலிட்டு அரைமணி நேரம் அவை ஒத்திவைக்கப்பட்டால் முதலில் எரிந்துபோவது அந்த மூன்று நிமிடந்தான். பெரிய கட்சிக்கு நாளை மற்றொரு வாய்ப்பு உண்டு. சிறிய கட்சிக்கு அடுத்த மசோதா வரைக்கும் காத்திருப்பே வாய்க்கும்.

இடைநீக்கம் என்பது இன்னும் கடுமையானது. 2023 டிசம்பரில் மக்களவையில் 100 பேரும் மாநிலங்களவையில் 46 பேரும் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். பழைய சட்டங்களின் இடத்தில் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்று நிறைவேறியது அக்கிழமையில்தான். அவ்வெளியேற்றத்தில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தவறு என்று உணர்ந்து பின்னர் நீக்கினர். வராதவரும் குழப்பம் விளைவித்தவராகக் குறிக்கப்பட்டார் என்றால், அன்று முகம் பார்த்தா முடிவெடுத்தனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி, துணைத்தலைவர் பதவி ஆகியவை பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும் என்ற மாவலங்கர் காலத்து நெறியைக் காட்டி 2014 முதல் 2024 வரை மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே போயிற்று. 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற சொல்லே இல்லை. துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 93-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை முழுவதும் அந்நாற்காலி காலியாகவே கிடந்தது. வாஜ்பாய் ஆட்சியில் எதிர்க்கட்சியான காங்கிரசைச் சேர்ந்த, இலட்சத்தீவின் பி.எம். சயீத் அந்நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை நம் பெரியோர்கள் நினைவில் வைத்திருப்பர். இவ்விரண்டும் எந்தச் சட்டத்தையும் திருத்தாமல், செய்யாமல் விடுவதாலேயே தேய்ந்தவை.

கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவர் கவனிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மூன்றில் இரு பங்கினர் வேறொரு கட்சியோடு இணைந்தால் பதவி இழப்பு இல்லை. 240 பேர் கொண்ட கட்சியில் அதற்கு 160 பேர் வேண்டும். 3 பேர் கொண்ட கட்சியில் 2 பேர் போதும். பெரிய மீன் சிறிய மீனை விழுங்க ஒரு மாலைப்பொழுது விருந்தே போதுமானது. எல்லார்க்கும் ஒரே விதி என்பது எல்லார்க்கும் ஒரே பாதுகாப்பு ஆகிவிடாது.

இவ்வளவு சொன்னபின், நம் உள்ளத்திற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு மக்களவையில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வகையில் இந்திய நாடாளுமன்றத்தில் முதன்முதல் சட்டமானது எது தெரியுமா? சையத் முகம்மது அகமது காஜ்மி 1952-இல் கொணர்ந்த முஸ்லிம் வக்ஃப் மசோதாவே. அதுவே 1954-ஆம் ஆண்டின் 29-ஆம் சட்டமாயிற்று. இன்றுவரை இவ்வழியில் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியானது 1970-இல். 2015 ஏப்ரலில் திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை.

அதே வக்ஃப் பொருள் மீண்டும் வந்தது. 2024 ஆகஸ்டில் அறிமுகமான திருத்த மசோதா 31 பேர் கொண்ட கூட்டுக்குழுவிற்குச் சென்றது. குழுவில் எதிர்த்தரப்பினர் கொணர்ந்த திருத்தங்கள் தோற்றன. தோற்றவர்க்கு எஞ்சிய உரிமை ஒன்றே: தம் மாறுபட்ட கருத்தை எழுதி அறிக்கையோடு இணைப்பது. 2025 பிப்ரவரி 13 அன்று அறிக்கை அவையில் வைக்கப்பட்டபோது, தம் கருத்துரையின் பகுதிகள் அழிக்கப்பட்டுள்ளன என்று உறுப்பினர்கள் முறையிட்டனர். விதிப்படி நீக்கும் அதிகாரம் குழுத்தலைவர்க்கு உண்டு என்று முதலில் விடை வந்தது. பின்னர் அப்பகுதிகள் பிழைதிருத்தமாகச் சேர்க்கப்பட்டன. ஏப்ரலில் மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்றும் மாநிலங்களவையில் 128-க்கு 95 என்றும் நிறைவேறியது. டிவிஷன் நடந்தது, பெயர்கள் பதிவாயின.

சட்டத்தின் உள்ளடக்கம் பற்றி என்னினும் கற்றவர் வாதிட்டுள்ளனர். வழக்கும் உச்சநீதிமன்றம் சென்றது. நான் பேசுவது அந்த அழிக்கப்பட்ட வரிகளைப் பற்றி. குழுவில் தோற்றவரின் கருத்துரையை மறைத்துவிட்டால், பின்னாளில் நீதிமன்றமோ ஆய்வாளரோ 'இந்த இடர்ப்பாட்டை அன்று எவரும் சுட்டவில்லையே' என்று கூற நேரும். அழித்த வரி மீண்டும் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்கு முறையிட வேண்டியிருந்ததுதான் வருத்தம்.

இனி எழுதப்போவது சிலர்க்குக் கசக்கலாம்; சமுதாயப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். தில்லியில் நம் குரல் பதிவாக வேண்டும் என்று கேட்கும் நாம், நம் ஊர்க் கூட்டங்களில் என்ன செய்கிறோம்? ஜமாஅத்துப் பொதுக்குழு ஒன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். கடை வாடகை பற்றிய தீர்மானத்தை இருவர் எழுந்து மறுத்தனர். ஒருவர் முதியவர், மற்றவர் வெளியூரில் படித்துத் திரும்பிய இளைஞர். மறுப்பின் காரணத்தையும் அமைதியாகவே சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் படிக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்றிருந்தது. நான் உட்பட யாரும் எழுந்து திருத்தச் சொல்லவில்லை. ஏகமனது! அந்தச் சொல்லை எழுதியவர் பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. அப்படி எழுதித்தான் பழக்கம். ஒற்றுமை குலைந்துவிடும் என்ற அச்சம். அந்த இளைஞர் அதன்பின் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கல்லூரிகளின் துறைக் கூட்டங்களிலும், சங்கங்களின் செயற்குழுக்களிலும் இந்தப் பழக்கம் குறைவில்லை என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். இடித்துரைப்பார் இல்லாத மன்னனின் நிலையை வகுப்பில் அதிகாரம் அதிகாரமாக நடத்துகிறோம். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் ஏகமனதாகிவிடுகிறோம்.

இவ்வாண்டு மாதிரி நாடாளுமன்றத்திற்குப் புதிய விதிகள் சிலவற்றை மாணவர்களே எழுதினர். ஒருவர் கேட்டாலும் வாக்கைப் பிரித்து எண்ண வேண்டும். தனி உறுப்பினர்க்கு மூன்று நிமிடம், அதில் மணி அடிக்கலாகாது. தோற்ற திருத்தம் முழுவதும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். எழுத்தராகச் சென்ற ஆண்டின் அந்தத் தனி உறுப்பினரையே அமர்த்தினோம். அவர் எழுதியது 14 பக்கம். கையெழுத்து சற்றுக் கோணல்; சந்திப்பிழைகள் பல; சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில், விடுதிக் கட்டணத்தில் வெளியூர் ஏழை மாணவர்க்குச் சலுகை வேண்டும் என்று இரண்டாமாண்டு மாணவி ஒருவர் கொணர்ந்த திருத்தம் அவர் பெயரோடு இருக்கிறது. காரணங்கள் ஒன்பது வரிகளில். அதன் கீழே: ஆதரவு 9, எதிர்ப்பு 31, திருத்தம் தோற்றது.